அச்சில் ஏறிய சாட்சி

வெள்ளிக்கிழமை பெண்கள் வேதபாடத்துக்கு என்ன புத்தகம் படிப்பது என்று முடிவு செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. என் ஆவிக்குரிய மேன்மையைப் பார்த்து யாரும் கொடுத்துவிடவில்லை. சபைப் பெண்களில் நான் ஒருத்திதான் வேலைக்காகத் தினமும் ரயிலேறிப் பட்டணத்துக்குப் போகிறவள். கிறிஸ்தவப் புத்தகக் கடை நான் நடந்துபோகிற வழியில் இருந்தது. அவ்வளவுதான் தகுதி. எண்பதுகளின் கடைசி அது. திருமுல்லைவாயிலில் ஸ்டேஷனுக்குச் சற்றுத் தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஒரு ஹால்தான் எங்கள் சபை. மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது, வெயில் அடித்தால் உட்கார முடியாது. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்களும் ஆவடித் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களும் குடும்பத்தோடு வருவார்கள். பாதிப்பேர் சமீபத்தில்தான் ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர்கள், வீட்டில் மற்றவர்கள் சாமி கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

புத்தகம் தேர்ந்தெடுப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டுதான் கடைக்குள் போனேன். அட்டையில் ஒரு சிலுவையும் சூரியோதயமும் போட்டுவிட்டால் எதுவும் ஆவிக்குரிய புத்தகமாகிவிடும் என்று அங்கே தெரிந்துகொண்டேன். பல புத்தகங்கள் மொழிபெயர்ப்பு. அந்தத் தமிழைப் படித்தால் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும். மற்றவற்றில் எழுதினவருடைய பெருமைதான் பக்கம் பக்கமாக ஓடும். அவர் எந்த ஊருக்குப் போனார், எத்தனை ஜனம் வந்தது, மேடையில் எப்படி வல்லமை இறங்கியது. ஆண்டவர் நடுவில் எங்கேயோ வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார்.

அதனால் நானாக ஒரு முறை வைத்துக்கொண்டேன். புத்தகத்தை நடுவில் திறப்பேன். அந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கிற வசனத்தைக் கைப்பையில் இருக்கிற பைபிளில் எடுத்து, அதற்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று வாசிப்பேன். வசனம் சொல்வதும் புத்தகம் சொல்வதும் ஒன்றாக இருந்தால் வாங்குவேன். வசனத்தில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் அலமாரியிலேயே திருப்பி வைத்துவிடுவேன். கடைக்காரர் ஒருநாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, புத்தகம் வாங்க வந்தீர்களா பரீட்சை வைக்க வந்தீர்களா என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் பிரித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

கடையில் தேறினாலும் வீட்டில் இன்னொரு பரீட்சை உண்டு. என் வீட்டுக்காரர் முகம் மழிக்கும்போது பக்கத்தில் நின்று ஒரு பக்கம் சத்தமாகப் படிப்பேன். கன்னத்தில் சோப்போடு பிளேடை நிறுத்தி, "இவரு என்னதான் சொல்ல வர்றாரு?" என்று அவர் கேட்டால் புத்தகம் தோற்றது. பேசாமல் மழித்துக்கொண்டே கேட்டால் தேறியது. இப்படிச் சலித்துச் சலித்து எடுத்ததில் எங்களுக்குக் கிடைத்தவை மெலிந்த சின்னப் புத்தகங்கள்தான். பைபிளில் கடிதமாக இருக்கிற ஒரு நிருபத்தை அதிகாரம் அதிகாரமாகப் பிரித்து, பாடத்தின் முடிவில் நாலைந்து கேள்வி கேட்கிற வகை. பளபளப்பு இருக்காது. ஆனால் படித்துவிட்டு மூடினால் பைபிளைத் திறக்கத் தோன்றும். அது போதும் என்று எனக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறவர்களில் ஒருத்தி எனக்கு ரொம்ப வேண்டியவள். எங்கள் தெருக் கோடியில் குடியிருந்தாள். பிறந்த வீடு திருநின்றவூர்ப் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். இவள் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கல்யாணமாகி வந்ததும் எஸ்டேட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு. பெரியாஸ்பத்திரி மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் அடங்கி இருக்கும், தவறினால் வந்துவிடும். சபைக்கு அவளை அழைத்துவந்தது நான். எழுத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படிப்பாள். அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று அவளுக்கு ஒரு எண்ணம். பஸ் டிக்கெட்டில் போட்டிருப்பதைக்கூட மரியாதையாகப் படிப்பாள். நான் கடையில் திருப்பி வைத்த புத்தகங்களைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டாள்.

"பொய்யாருந்தா காசு போட்டு அடிப்பாங்களாக்கா?" என்பாள். காசு போட்டுத்தாண்டி பொய்யை அடிப்பாங்க என்பேன். சிரிப்பாள், ஆனால் நம்பினதாகத் தெரியாது.

அந்தக் கோடையில் ஆவடியில் ஒரு மைதானத்தில் பந்தல் போட்டு சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. தெற்கேயிருந்து பிரசங்கம் செய்ய வந்த ஒரு ஊழியக்காரர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது என்று அவள் சொன்னாள். மறுநாள் மாத்திரை போடவில்லை, அதற்கு மறுநாளும் போடவில்லை. வலிப்பு வரவில்லை. கடைசி நாள் கூட்டத்தில் அவளை மேடையில் ஏற்றி மைக்கை நீட்டினார்கள். மாத்திரையை என்ன செய்தாய் மகளே என்று ஊழியக்காரர் கேட்டார். "குப்பையில கடாசிட்டேன்" என்றாள். பந்தலே எழுந்து நின்று கை தட்டியது. நான் மட்டும் கை தட்டவில்லை. ஒருத்திக்கு நல்லது நடந்தால் சந்தோஷப்படக்கூடத் தெரியாத ஜென்மமா நீ என்று என்னை நானே திட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

எங்கள் மாதிரி சபைகளில் சாட்சி சொல்வது சாதாரணப் பேச்சு இல்லை. எழுந்து நின்று, ஆண்டவர் எனக்கு இதைச் செய்தார் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் அது அவர் பேரில் வைத்த கையெழுத்து. பிற்பாடு இல்லை என்று சொன்னால் அவரையே பொய்யராக்கியது போல என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அதனால்தான் சாட்சி சொன்னவர்கள் திரும்ப நோயில் விழுந்தால் வெளியே சொல்ல மாட்டார்கள்.

கூட்டம் முடிந்து சில வாரங்களில் அந்த ஊழியக்காரர், சுகம் பெற்றவர்களின் சாட்சிகளைச் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் அடித்து அனுப்பினார். நடுவில் இவள் படம், கல்யாணப் புடவையில் எடுத்தது. பக்கத்தில் இவள் மேடையில் சொன்னது அப்படியே, கொஞ்சம் நல்ல தமிழில். அதன் கீழே, மருந்தை நம்புகிறவன் ஆண்டவரை நம்பவில்லை என்ற பொருளில் ஊழியக்காரருடைய போதனை. அவள் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். அவள் வீட்டுக்காரர் விசுவாசி இல்லை, அவள் சபைக்கு வருவது அதுவரை அவருக்குப் பிடித்ததும் இல்லை. அவரே ஒரு பிரதியை எடுத்துப்போய் ஃபாக்டரியில் காட்டினாராம். அந்தச் சாமி பவரான சாமிதான், நீ தாராளமா போ என்று சொன்னாராம். இதை அவள் என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அப்படிச் சந்தோஷமாக இருந்திருப்பாளா என்று தெரியவில்லை.

பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, இனி வெள்ளிக்கிழமைகளில் இந்தப் புத்தகத்தையே படிக்கலாம், நம் சபைச் சகோதரியே இதில் இருக்கிறாள் என்றார். அவர் கெட்டவரில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று தெரிந்தால் மழையானாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறவர். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் போதனைக்கு ஆதாரமாகப் போட்டிருந்த வசனங்களை ஒவ்வொன்றாக அவர் மேசையிலேயே எடுத்துக் காட்டினேன். மேலே வாசியுங்கள் ஐயா, கீழே வாசியுங்கள், இதில் எங்கே மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறது என்று கேட்டேன். சுவிசேஷம் எழுதினவர்களில் ஒருவரே வைத்தியர். அப்போஸ்தலர் தன்னோடு ஊழியம் செய்த வாலிபனுக்கு வயிற்றுக்கு மருந்து சொல்லி எழுதியிருக்கிறார். அவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவா என்று கேட்டேன். அவர் மனைவி பாஸ்டரம்மா கொடுத்த காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. பாஸ்டர் கோபப்படவே இல்லை.

"சிஸ்டர், நீங்க புத்தகத்தைப் படிக்கிறீங்க. அந்தப் பொண்ணு அனுபவிச்சிருக்கா."

பைபிளை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். வேதபாடத்துக்கு நான் தேர்ந்தெடுக்கிற புத்தகம்தான். ஆனால் ஹாலின் பின்பக்கம் பாஸ்டரம்மா பார்த்துக்கொள்கிற புத்தக மேசையில் சாட்சிப் புத்தகம் இருக்கும். பூந்தமல்லி, திருவேற்காடு வரைக்கும் கேள்விப்பட்டு ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள். ஞாயிறு ஆராதனையில் புது முகங்கள் தெரிந்தன.

மழைக்காலம் தொடங்கின சமயத்தில் அவள் முழங்கையில் ஒரு தீக்காயம் பார்த்தேன். எண்ணெய் தெறித்துவிட்டது என்றாள். எண்ணெய் தெறித்தால் பொட்டுப் பொட்டாக இருக்கும். இது பட்டையாக இருந்தது. நான் கேட்டுக் குடையவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அரைத்த மாவு கொடுக்கப் போனபோது அடுப்பங்கரை வாசலில் விழுந்துகிடந்தாள். ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. வாயில் நுரை, கைகால் இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்டவ்வை அணைத்துவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையை என் மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர எனக்கு ஒரு ஜெபமும் வரவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. தெளிந்ததும் அவள் முதலில் பார்த்தது என்னை இல்லை, வாசலை. புருஷன் வந்துவிட்டாரா என்று பார்த்தாள்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். கொஞ்ச நாளாகத்தான், கம்பெனியில் ஒரு தடவை, இங்கே சில தடவை என்றாள். மெஷின் மேல் விழவில்லையாம், அதுவரை ஆண்டவர் காப்பாற்றினாராம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. செத்துப்போவியேடி, மாத்திரையைப் போடறதுக்கு உனக்கு என்ன கேடு என்று கத்தினேன். அவள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

"புக்குல வந்துட்டேனேக்கா. இப்போ மாத்திரை போட்டேன்னு தெரிஞ்சா கர்த்தர் பேரு கெட்டுடும். ஊட்லயும் அந்தாளு சர்ச்சுக்கு வுட மாட்டாரு."

கர்த்தர் பேரை அவர் பார்த்துக்கொள்வார், நீ உயிரோடு இரு என்றேன். அடுத்த வாரம் அரை நாள் லீவு சொல்லவைத்து அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று அவளைக் காய்ச்சி எடுத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று ரயிலில் திரும்பும்போது என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பாஸ்டரிடம் சொல்லக்கூடாது, அவள் வீட்டில் சொல்லக்கூடாது. வெளியே தெரிந்தால் மறுபடி மாத்திரையை நிறுத்திவிடுவேன் என்றாள். செய்கிறவள்தான் அவள். நான் என்ன செய்வேன்? சரியென்றேன்.

அதிலிருந்து மாத்திரை கம்பெனியில் நூல்கண்டு வைக்கிற டப்பாவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என் சமையலறையில். ஆராதனைக்குப் போகிற வழியில் என் வீட்டுப் பின்வாசலால் வந்து, தண்ணீர் வாங்கி முழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, என்னோடு சேர்ந்து நடந்து வந்து ஹாலில் உட்காருவாள். சில ஞாயிறுகளில் பாஸ்டர் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, புதிதாக வந்தவர்களுக்குக் காட்டுவார். நிற்பாள். ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அந்த நேரம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். பின்னால் மேசையில் அவள் படம் போட்ட புத்தகம் அடுக்கியிருக்கும். அந்த அடுக்கை அப்படியே தூக்கிக் கிணற்றில் போட்டால் என்ன என்று பல தடவை தோன்றியது. அவளிடமே கேட்டேன். வேண்டாம் அக்கா, ஏன் எடுத்துட்டாங்கன்னு கேப்பாங்க என்று கெஞ்சினாள்.

வெள்ளிக்கிழமைகள்கூட எனக்குக் கசந்துபோயின. மேலே வாசி, கீழே வாசி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பக்கத்தில் விரல் வைத்துப் படிக்கிறவளின் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் முட்டி போட்டால் ஜெபம் வராது, கோபம்தான் வரும். அந்த ஊழியக்காரர் மேல் கோபம், அச்சடித்தவன் மேல் கோபம், ஆண்டவர் மேலும் கொஞ்சம் இருந்தது. நீர் குணமாக்கியிருக்கலாமே, உமக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். அவர் பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

பொங்கலுக்கு முந்தின ஒரு வெள்ளிக்கிழமை. பாடம் பாதி நடந்துகொண்டிருந்தபோது முன்பின் தெரியாத ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு உள்ளே வந்தாள். திருவேற்காட்டிலிருந்து ஷேர் வேனும் பஸ்ஸும் மாறி வந்திருந்தாள். பெண் குழந்தை, மூன்று வயசு இருக்கும், நெற்றியில் விழுந்து அடிபட்ட தழும்பு. அவள் கையில் அந்தப் புத்தகம், நடுப்பக்கம் மடித்து வைத்திருந்தது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, படத்தில் இருக்கிறவளைக் கண்டுபிடித்து அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டாள். பாப்பாவுக்குப் பிறந்ததிலிருந்து ஃபிட்ஸ் என்றாள். புத்தகத்தைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையோடு மருந்தை நிறுத்திவிட்டாளாம். அதற்குள் மறுபடி வந்துவிட்டதாம், முன்னைவிட அதிகமாக. தன் விசுவாசத்தில் என்ன குறை என்று கேட்டுப்போகத்தான் வந்திருந்தாள்.

"நீங்க மாத்திரையை விட்டதும் எத்தினி நாள்ல நின்னுச்சுக்கா?"

பாஸ்டரம்மா முகம் மலர்ந்து, சொல்லுங்க சிஸ்டர், உங்க சாட்சியை நீங்களே சொல்லுங்க என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் குழந்தையைப் பார்த்தேன். சத்தியமாவது ஒன்றாவது, சொல்லிவிடுகிறேன் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுகிற மாதிரியே, முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"நிக்கல. நான் மாத்திரை போட்டுகினுதான் கீறேன்" என்றாள்.

பாஸ்டரம்மாவின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. வந்தவள் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, அப்போ இதுல போட்டது பொய்யா என்று கேட்டாள். குரலில் அழுகையும் இருந்தது, கோபமும் இருந்தது.

"பொய் இல்ல. அன்னிக்கு எனக்கு அப்படித்தான் இருந்துச்சு, சொன்னேன். அப்பறம் திரும்பி வந்தத யாரும் கேக்கல, நானும் சொல்லல. நீ அத்த வுடு. கொயந்தைக்கு இன்னிக்கே மருந்து குடு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்ததும் விசும்பத் தொடங்கிவிட்டாள். வந்தவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். பாடம் அதோடு நின்றது. பெண்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொருத்தராகக் கிளம்பினார்கள். நான் அவளை வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்.

சேதி அன்றைக்கே தெருவெல்லாம் பரவி அவள் வீட்டுக்காரர் காதுக்கும் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டு பின்வாசலைப் பார்த்துக் காத்திருந்தேன். அவள் வரவில்லை. நேரமாகிவிட்டதே என்று நானே அவள் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மாத்திரைதான் கேக்குதுன்னா எங்க சாமியே போதும், இனிமே அனுப்ப மாட்டேன் என்றார். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று சொன்னேன். அது நாங்க பாத்துக்கறோம் என்று கதவைச் சாத்தினார். உள்ளே அவள் நிற்பது தெரிந்தது, வெளியே வரவில்லை. பாதையில் நின்று அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு சபைக்குப் போனேன்.

ஆராதனை தொடங்கியிருந்தது. அவள் எப்போதும் உட்காருகிற இடத்தில் அந்தத் திருவேற்காட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். இந்தச் சபைப் பக்கமே இனி வர மாட்டாள் என்று நினைத்திருந்தேன். பாட்டுச் சத்தத்திலும் குழந்தை அவள் மடியில் அசையாமல் கிடந்தது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, பாப்பாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லக்கா. மருந்து குடுத்தா இப்படித்தான், தூங்கிகினே கீது" என்றாள். பிறகு ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்த அக்கா இன்னும் வரலையா என்று கேட்டாள்.